மூன்று பூட்டுக்குள் இருந்த வாகை

என் வீட்டுக்காரர் மாயக்கண்ணன் வாயிலிருந்து வார்த்தை வர வேண்டுமென்றால் அவர் கையில் ஒரு மரத்துண்டைக் கொடுக்க வேண்டும். திருப்பிப் பார்ப்பார், விரல் முட்டியால் தட்டுவார், மோந்து பார்ப்பார், அதற்குப் பிறகு இரண்டு வார்த்தை வரும். மனுஷர்களுக்கு அதுவும் கிடையாது. கல்யாணமான புதிதில் விருந்துக்கு வந்த என் தங்கச்சி, மச்சானுக்கு நம் வீட்டு மேல் ஏதும் கோபமா என்று என்னிடம் ரகசியமாகக் கேட்டாள். கோபமெல்லாம் ஒன்றுமில்லை. அவர் அமைப்பே அப்படி.

எனக்கு அவருக்கும் சேர்த்து வாய். நான் கண்டரமாணிக்கத்தில் தபால் கொடுப்பவள். பேர் புஷ்பவள்ளி என்றாலும் ஊரில் 'தபால்காரம்மா' என்றால்தான் தெரியும். ஸ்கூட்டரை ஒரு தெருவில் திருப்பினால் அந்தத் தெருவில் யாருக்குப் பேரன் பிறந்தது, யார் வீட்டு மாடு ஈன்றது, யார் யாரோடு பேசுவதில்லை, எல்லாம் கேட்டுவிட்டுத்தான் அடுத்த தெரு. இது என் குணம் மட்டுமில்லை. தபாலோடு சேர்ந்து வருகிற வேலை.

கல்யாணமாகி நாலாம் வருஷம் தச்சு வேலைக்கென்று அவர் கத்தாருக்குப் போனார். பதினோரு வருஷம் அங்கேயே ஓடிவிட்டது. எங்கள் மகள் சுபலட்சுமி அப்பாவைப் போனில் பார்த்து வளர்ந்தவள். சின்னப் பிள்ளையில் போனைச் சார்ஜில் மாட்டிவிட்டு, "அப்பா சாப்புடுறாக, யாரும் தொடாதீக" என்பாள். கேட்டவர்களெல்லாம் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வந்ததே இல்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் திரும்பி வந்தார். அங்கே ஒரு பட்டறையில் கடைசல் வேலை பழகியிருந்தார். மரத்துண்டை மிஷினில் மாட்டிச் சுழல விட்டு, உளியை அணைத்துப் பிடித்து உருட்டி எடுக்கிற வேலை. வீட்டுக்குப் பக்கத்தில் தகரக் கூரை போட்டு ஒரு பழைய மிஷினை வாங்கி இறக்கினார். பூரிக்கட்டை, மத்து, கட்டில் கால் என்று ஆரம்பித்து மெதுவாகக் கிண்ணங்களுக்கு வந்தார். கானாடுகாத்தான் பக்கம் ஒரு பெரிய வீட்டை விடுதியாக மாற்றியிருந்தார்கள். அதைப் பார்த்துக்கொள்கிற சிவரஞ்சனி என்ற பெண் இவர் கிண்ணத்தை எங்கேயோ பார்த்துவிட்டுத் தேடி வந்தாள். அறைக்கு அறை பழம் வைக்க மரக்கிண்ணம் வேண்டும், இந்த ஊர் மரமாக இருக்க வேண்டும் என்றாள்.

நல்லாக் காய்ந்த வேம்பு என்று ஒரு வியாபாரி சத்தியம் செய்து கொடுத்த மரத்தில் இவர் செய்து கொடுத்தார். ஐப்பசியில் கொண்டுபோய் வைத்தோம். ஏசி ஓடுகிற அறையில் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. வரிசையாக வெடித்தன. நடு ராத்திரியில் பட்டென்று சத்தம் கேட்டு ஒரு வெள்ளைக்காரம்மா லைட்டைப் போட்டுக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருந்தாராம். அத்தனையும் அட்டைப் பெட்டியில் திரும்பி வந்தன. காய்ந்தது மேல்தோல்தான், உள்ளே பச்சை அப்படியே இருந்திருக்கிறது. அந்த வியாபாரியை நான் திட்டிய திட்டு எழுதக்கூடியதில்லை.

சிவரஞ்சனி நல்ல பெண். மரியாதையாகத்தான் பேசினாள். நிஜமாகவே காய்ந்த மரத்தில் செய்து மாசிக்குள் கொடுத்தால் விடுதி முழுவதற்கும் வாங்கிக்கொள்வதாகவும், இல்லையென்றால் வெளியூரில் சொல்லிவிட வேண்டியிருக்கும் என்றும் சொன்னாள். அதே வாரத்தில் காரைக்குடியிலிருந்து ஏஜென்ட் சதீஷ்குமார் போன் செய்தார். பழைய கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள், அண்ணனையே கேட்கிறார்கள், தை கழிந்ததும் கிளம்பலாம் என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு இவர் பட்டறைக்குள் போய்விட்டார்.

நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மரம் கிடைத்தால் கிண்ணம். கிண்ணம் நின்றால் இவர் இங்கே. இல்லையென்றால் மறுபடியும் அந்தப் போனைச் சார்ஜில் போட வேண்டியதுதான். ஏஜென்ட்டுக்கு என்ன சொன்னீர்கள் என்று மறுநாள் கேட்டேன். "பாப்போம்" என்றார். அதற்கு மறுநாளும் கேட்டேன். அதே 'பாப்போம்'. வாயில் என்ன கொழுக்கட்டையா என்று கத்தியும் பார்த்தேன். கேட்டுக்கொண்டே உளியைத் தீட்டினார். சரி, இவரை நம்பிப் பிரயோஜனமில்லை, மரத்தை நானே தேடிக் கொண்டுவந்து போடுகிறேன் என்று கிளம்பிவிட்டேன்.

மரம் தேடுவது பெண் தேடுவதை விடக் கஷ்டம் என்று அந்தக் கார்த்திகையில் தெரிந்துகொண்டேன். காரைக்குடியில் பெரிய மரக்கடைக்குப் போனால் எல்லாம் கப்பலில் வந்த மரம். பலகையாகவும் சட்டமாகவும் அறுத்து அடுக்கியிருந்தார்கள். வாகை, பூவரசு, நாவல் இருக்கிறதா என்று கேட்டதற்கு, அதெல்லாம் விறகுக்கடையில் கேளுங்கள் என்று சிரித்தார் கடைக்காரர். திருப்பத்தூர்ப் பக்கம் மரம் அறுக்கும் மில்லில் வாகை இருந்தது. அன்று காலைதான் வெட்டி வந்தது. இவர் நகத்தால் அழுத்தினார், தண்ணீர் கசிந்தது. விரலைத் துடைத்துக்கொண்டு வெளியே நடந்தார். பழைய சாமான் கடைகளில் தூணும் நிலையும் இருந்தன. தொட்டுப் பார்க்கவே பயமாக இருந்தது, விலை அப்படி.

கடைசியில் விறகுக்கடைக்கே போனோம். கல்யாணச் சமையலுக்கு விறகு போடுகிற கடை. நடத்துகிறவர் வீரையா. இவர் மலைபோல் கிடந்த விறகைப் புரட்டிப் புரட்டி, ஒவ்வொரு கட்டையாகக் காதில் வைத்துத் தட்டிக் கேட்பதைப் பார்த்துவிட்டு அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, அண்ணனுக்கு உடம்புக்கு ஏதும் சரியில்லையா என்று விசாரித்தார். புளியில் நாலு கட்டையும் உசிலையில் ஒன்றும் தேறின. பூரிக்கட்டைக்கு ஆகும். அகலமான கிண்ணத்துக்கு ஆகாது.

தேறியதையும் நம்பிவிட முடியாது. மரம் காய்ந்ததா என்று தெரிந்துகொள்ள இவருக்கு ஒரு வழி உண்டு. ஒரு துண்டை நறுக்கி எடை போடுவார். வாரம் ஒரு தடவை திரும்பப் போடுவார். எடை குறைந்துகொண்டே போனால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது. குறையாமல் நின்றால்தான் காய்ந்த மரம். வீட்டில் இருப்பது காய்கறி நிறுக்கிற தராசு, அது சொல்வது இவருக்குப் பத்தாது. ஆகவே திங்கட்கிழமை காலையில் ஆபீஸ் திறந்ததும் பார்சல் தராசில் முதலில் ஏறுவது எங்கள் வீட்டு மரம்தான். எங்கள் போஸ்ட்மாஸ்டர் முதல் வாரம் முறைத்தார். அடுத்த வாரம், ஸ்டாம்ப் ஒட்டவா என்று கேட்டார். மூன்றாவது வாரத்திலிருந்து அவரே எடையைப் பார்த்து, இது இன்னும் குறைகிறது தாயி, ஆகாது என்று எனக்குச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

தபால் கொடுக்கிற வீட்டிலெல்லாம் விசாரித்தேன். விழுந்த மரம், பட்ட மரம், கிணற்றடியில் கிடக்கிற மரம் எது இருந்தாலும் சொல்லுங்கள் என்றேன். ஊரே சொல்ல ஆரம்பித்துவிட்டது. அக்கம்மாள் என்று ஒரு கிழவி, தன் வீட்டு உரலுக்குப் பக்கத்தில் கிடந்த கட்டையைக் காட்டினாள். கரையான் தின்றது போக மண்தான் மிச்சம். "தூக்குனா பாதி வரும் ஆத்தா, அதுக்குள்ள தூக்கிரு" என்றாள். நல்ல மனசுக்காரி.

மார்கழியில் ஏகப்பன் செட்டியார் வீட்டுக்கு ஒரு பதிவுத் தபால் வந்தது. எங்கள் ஊரில் ஒரு தெருவிலிருந்து மறு தெரு வரைக்கும் நீண்டுகிடக்கிற வீடு. அந்த வீட்டுக்கு மூன்று பங்கு. மூத்தவர் ஏகப்பன் செட்டியார் அங்கேயே இருக்கிறார். இரண்டாவது தம்பி இறந்துவிட்டார், அவர் மனைவி சிட்டாள் ஆச்சி காரைக்குடியில் இருக்கிறார். மூன்றாவது தம்பியும் இல்லை, அவர் மகன் கார்த்திகேய சிவம் கோலாலம்பூரில் வேலை. கையெழுத்து வாங்க நான் பின்வாசல் பக்கமாகப் போனேன். செட்டியார் தோட்டத்தில் இருந்தார். அங்குட்டு ஒரு பழைய வண்டிக் கொட்டகை. அதன் கதவில் மூன்று கொண்டி, மூன்று பூட்டு. நான் சும்மா இருப்பேனா. ஜன்னல் கம்பி வழியாக எட்டிப் பார்த்தேன்.

உள்ளே மரம். என் இடுப்பளவு கனத்தில் அறுத்த துண்டுகள். முனைகளில் பச்சை, மஞ்சள், நீலம் என்று பெயின்ட் அடித்திருந்தது.

கதையைச் செட்டியாரே சொன்னார். கஜா புயலில் பின்கட்டுத் தோட்டத்து வாகை விழுந்திருக்கிறது. மரம் பொது. மூன்று பங்குக்கும் சமமாக அறுத்து, எது யாருடையது என்று பின்னால் தகராறு வரக்கூடாதென்று முனைகளில் பெயின்ட் அடித்தார்களாம். பச்சை செட்டியாருக்கு, மஞ்சள் ஆச்சிக்கு, நீலம் அப்போது உயிரோடிருந்த கடைசித் தம்பிக்கு. அடித்து முடித்ததும்தான் தகராறே வந்தது. கனமான அடிமரம் பச்சைக்குப் போய்விட்டது என்று ஆச்சி கோபித்துக்கொண்டார். திரும்பப் பிரிக்கிற வரைக்கும் யாரும் தொடக்கூடாது என்று கொட்டகையில் போட்டு ஆளுக்கொரு பூட்டாக மூன்று பூட்டு. கரையான் ஏறிவிட்டால் யார் பொறுப்பு என்று இன்னொரு சண்டை வந்து, கீழே கருங்கல் அடுக்கி அதன்மேல் மரத்தை ஏற்றினார்கள். அன்றைக்கு மூடியதுதான்.

எனக்கு மரத்தைப் பற்றித் தெரியாது. ஆனால் என் வீட்டுக்காரர் புலம்பலைக் கேட்டுக் கேட்டு ஒன்று தெரியும். மரம் நன்றாகக் காய வேண்டுமென்றால் நிழலில், தரையில் படாமல், முனையில் பெயின்ட் பூசி அடைத்து, வருஷக்கணக்கில் யாரும் தொடாமல் போட்டு வைக்க வேண்டும். எந்த வியாபாரி அப்படி வைப்பான்? சண்டை போட்ட பங்காளிகளைத் தவிர வேறு யாருக்கும் அந்தப் பொறுமை கிடையாது.

மறுநாள் இவரை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு போனேன். வழியெல்லாம் சொன்னேன். நீங்கள் ஒன்றும் பேச வேண்டாம், பார்த்துவிட்டு, பரவாயில்லை, உபயோகப்படும் என்று மட்டும் சொல்லுங்கள், மிச்சத்தை நான் பேசிக்கொள்கிறேன் என்று. தலையாட்டினார். செட்டியாரும் சாதாரணமாகத்தான் இருந்தார். விறகுக்காவது ஆகுமா பாருங்கள், இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கிறது என்றார். இவர் ஜன்னலுக்குள் கையை விட்டுத் தட்டினார். ஒரு தடவை. இன்னொரு தடவை. அப்புறம் கையை வெளியே எடுத்து மோந்து பார்த்தார். எனக்கு அப்போதே பக்கென்றது.

"செட்டியாரே, இந்த மாதிரி மரத்த நான் எங்கயும் பாத்ததில்ல. உள்ள பூராம் வைரம். இது மரமில்ல, தங்கம்."

பதினேழு வருஷமாகத் திறக்காத வாய், திறக்கக் கூடாத இடத்தில் திறந்துவிட்டது. செட்டியார் முகம் மாறியது. அப்படியானால் மூன்று பேரும் கலந்துகொண்டுதான் சொல்ல வேண்டும் என்று உள்ளே போய்விட்டார். திரும்பி வரும்போது நான் பேசிய பேச்சில் வண்டி எப்படி நேராகப் போனதென்று தெரியவில்லை. இவர் பின்னால் உட்கார்ந்துகொண்டு, "நல்ல மரம் வள்ளி, அத எப்புடி நல்லாயில்லைன்னு சொல்றது" என்றார். இந்த மனுஷரை வைத்துக்கொண்டு என்ன வியாபாரம் செய்வது சொல்லுங்கள்.

வாகை தங்கமாகிவிட்ட செய்தி சாயங்காலத்துக்குள் காரைக்குடிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. மூத்தார், அதாவது ஏகப்பன் செட்டியார், மரத்தை ரகசியமாக விலை பேசுகிறார் என்றுதான் சிட்டாள் ஆச்சி காதில் விழுந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை நான் பஸ் ஏறிப் போனேன். ஆச்சி காபி கொடுத்தார், முறுக்கு வைத்தார், சாவியை மட்டும் தர முடியாது என்றார். அடிமரம் அவர்களுக்கு, நுனி எனக்கா என்று ஏழு வருஷத்துக் கோபத்தை அன்று காலையில் நடந்தது போல் சொன்னார். அந்த அடிமரம் கிடைத்தால் என்ன செய்வதாக உத்தேசம் ஆச்சி என்று கேட்டேன்.

"ஒண்ணும் செய்யப் போறதில்ல. அதுக்காக விட்டுக் குடுத்துர முடியுமா?" என்றார். "இதுல அவுக கைக்கு ஒத்தக் காசு போனாலும் நான் பூட்டைத் திறக்கமாட்டேன்."

ஏகப்பன் செட்டியாரைப் போய்ப் பார்த்தால் அவரும் அதையேதான் சொன்னார், ஆளை மட்டும் மாற்றி. தனக்கு மரம் வேண்டாம், பணமும் வேண்டாம், ஆனால் அந்தம்மா கூடுதலாக வாங்கிக்கொள்வதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. எனக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. பொங்கல் வந்து போய்விட்டது. மாசி நெருங்குகிறது. இவரோ பட்டறையில் புளியங்கட்டையை வைத்துப் பூரிக்கட்டை உருட்டிக்கொண்டிருக்கிறார், கத்தாருக்குப் போகிற ஆள் மாதிரியும் தெரியவில்லை, இருக்கிற ஆள் மாதிரியும் தெரியவில்லை.

ஆச்சி வீட்டுக்கு இரண்டாம் தடவை போய்விட்டு வெறுங்கையோடு திரும்புகிறேன். பஸ் குன்றக்குடியில் நின்றது. மேலே கோயிலைப் பார்த்து, உனக்குக் கண் இருக்கிறதா என்று முருகனோடு ஒரு சண்டை போட்டேன். முன் ஸீட்டில் இரண்டு பேர் அவர்கள் வீட்டுப் படைப்பைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார்கள். செட்டியார் வீடுகளில் வருஷத்துக்கு ஒருமுறை பங்காளிகள் எல்லாரும் பழைய வீட்டில் கூடி, போன பெரியவர்களுக்குப் படைப்பார்கள். ஒருவருக்கொருவர் முகம் கொடுத்துப் பேசாதவர்கள்கூட அன்றைக்கு வந்து நிற்பார்கள். அதற்குக் கொடுக்கிற பணத்தில் யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. பார்த்தால் அசிங்கம்.

செட்டியாருக்கும் பணம் வேண்டாம், ஆச்சிக்கும் வேண்டாம். மற்றவருக்குப் போகக்கூடாது, அவ்வளவுதான். மரத்துக்கு உண்டான விலை முழுவதையும் படைப்புக்கு வைத்துவிட்டால் யாருக்கும் போகாதே. பஸ்ஸை விட்டு இறங்கிய கையோடு செட்டியார் வீட்டுக்குப் போனேன். விஷயத்தைச் சொன்னேன். அவளுக்கு ஒன்றும் போகாதே என்று உறுதி கேட்டுக்கொண்டு சரி என்றார். ஆச்சியிடம் போனில் சொன்னேன். அவரும் அதே உறுதியைக் கேட்டுக்கொண்டு சரி என்றார். ஏழு வருஷத்தில் இருவரும் ஒத்துப்போன முதல் விஷயம் அதுதான் என்று நினைக்கிறேன்.

மூன்றாவது பூட்டு கார்த்திகேய சிவத்துடையது. அடுத்த வாரம் நடக்க இருந்த படைப்புக்கு அவர் வரவில்லை. நான் பேசினால் ஏதோ சூது என்பான், நீயே பேசு என்று செட்டியார் நம்பரைக் கொடுத்தார். வாட்ஸப்பில் கூப்பிட்டேன். தன்மையான ஆள்தான். தனக்கு மரத்தில் ஆசை இல்லை என்றார். ஆனால் அந்தப் பூட்டு அவருடைய அப்பச்சி, அதாவது அப்பா, கையால் போட்டது. அதைப் போட்ட மறு வருஷம் அப்பச்சி இறந்துவிட்டார். சாவி எங்கே இருக்கிறதென்று யாருக்கும் தெரியாது. உடைக்க மனசில்லை, அப்படியே கிடக்கட்டும் என்றார்.

நியாயமான பேச்சு. போனை வைத்துவிட வேண்டியதுதான். என் வாய் கேட்கவில்லை.

"அண்ணே, எங்க வீட்டுல அவுக பதினோரு வருஷம் கத்தார்ல இருந்தாக. எம்மக அப்பான்னு போனைத்தான் காட்டுவா. இந்த மரம் கிடைக்கலேன்னா திரும்பப் போயிருவாக. என்னால இன்னொரு தடவ முடியாதுண்ணே" என்றேன். முன்பின் தெரியாத ஆளிடம் இப்படி அழுகிறோமே என்று வெட்கமாக இருந்தது.

அந்தப் பக்கம் ஒரு கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

"பெரியப்பச்சிய உடைக்கச் சொல்லுங்க. வேற ஆளு யாரும் தொடக்கூடாது. நான் பாக்கணும்" என்றார்.

படைப்பு அன்று மத்தியானம், இலை எடுத்து முடிந்ததும், எல்லாரும் கொட்டகைக்கு வந்தார்கள். ஏகப்பன் செட்டியார் தன் பூட்டைத் திறந்தார். சிட்டாள் ஆச்சி அவர் நகர்கிற வரைக்கும் காத்திருந்து தன்னுடையதைத் திறந்தார். சிவத்தை வீடியோவில் போட்டுப் போனை நான் பிடித்துக்கொண்டு நின்றேன். செட்டியார் சுத்தியலைக் கையில் வாங்கினார். ஓங்கினார், இறக்கிவிட்டார். தம்பி போட்ட பூட்டு என்று யாரிடம் என்றில்லாமல் சொன்னார். எழுபதைத் தாண்டிய மனுஷர், திரும்ப ஓங்கினார்.

"பாத்து அடிங்க. கையில போட்டுக்கிட்டு நிக்காதீக" என்றார் ஆச்சி.

ஏழு வருஷத்தில் மூத்தாரிடம் அவர் சொன்ன முதல் பேச்சு அது. செட்டியார் திரும்பிப் பார்க்கவில்லை. "ம்" என்றார். மூன்றாவது அடியில் பூட்டு விழுந்தது. போனில் சிவம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

டிராக்டரில் மரம் எங்கள் வீட்டுக்கு வந்து இறங்கியது. இவர் முதலில் ஒரு துண்டு நறுக்கிக் கொடுத்தார். ஆபீஸுக்குக் கொண்டுபோனேன். முதல் வாரம் போட்ட எடைதான் அடுத்த வாரமும் நின்றது. எங்கள் போஸ்ட்மாஸ்டர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு இரண்டு தடவை பார்த்து, காய்ந்த மரம்தான் என்று தீர்ப்புச் சொன்னார். பிறகு மிஷின் ஓட ஆரம்பித்தது. வாகைத் தூள் மூக்கில் ஏறினால் தும்மல் நிற்காது. நான் தும்ம, மகள் தும்ம, பக்கத்து வீடு தும்ம, இவர் முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு சந்தோஷமாக நின்றார். உள்ளே இருந்த நிறத்தை நான் அதுவரைக்கும் எந்த மரத்திலும் பார்த்ததில்லை, கருப்பட்டிப் பாகு மாதிரி இருந்தது.

முதல் கிண்ணங்களைச் சிவரஞ்சனி ஏசி அறையில் வைத்துப் பார்த்தாள். தினமும் போன் செய்து கேட்டேன். ஒரு கட்டத்தில் அவளே, வெடித்தால் நான் சொல்கிறேன் அக்கா, சொல்லாவிட்டால் வெடிக்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றாள். வெடிக்கவில்லை. மாசி பாதியில் விடுதி முழுவதற்கும் செய்யச் சொல்லிவிட்டாள்.

அன்றைக்கு எனக்குத் தரையில் கால் பாவவில்லை. இவரிடம் சொல்வதற்கு முன்னால் ஏஜென்ட்டுக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. அந்தப் போன் ஒன்றுதானே நான்கு மாசமாக என் நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது. சதீஷ்குமாரைக் கூப்பிட்டு, என் வீட்டுக்காரர் வரவில்லை, வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மிடுக்காகச் சொன்னேன்.

"அக்கா, அண்ணன்தான் கார்த்திகையிலேயே வேணாம்னுட்டாகளே" என்றார் அவர். "நான் பேசுன ரெண்டாம் நாளே நேர்ல வந்து, எங்கிட்டக் கிடந்த பாஸ்போர்ட்டை வாங்கிட்டுப் போயிட்டாக. அந்த எடத்துக்கு வேற ஆளும் போயாச்சு."

எப்படிப் பட்டறைக்குப் போனேன் என்று தெரியாது. மிஷின் சுவிட்சை அணைத்தேன். அவர் முகத்தில் கட்டியிருந்த துண்டை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார். நான் கேட்டேன், கத்தினேன். நாலு மாசமாக என்னைப் பைத்தியக்காரியாக அலைய விட்டீர்களே, கோலாலம்பூர்க்காரரிடம் அழுதேனே, முருகனைக் கூடத் திட்டினேனே, ஒரு வார்த்தை சொன்னால் என்ன குறைந்துவிடும் என்று கேட்டேன். கேட்டு முடிக்கிற வரைக்கும் நின்றார்.

"வெடிச்ச கிண்ணம் திரும்பி வந்தன்னைக்கு எனக்குப் பயம் வந்துருச்சு வள்ளி. பயந்துட்டா நான் அங்க ஓடிருவேன். எனக்கே தெரியும். அதான் ஓடுற வழிய முதல்ல அடைச்சேன்" என்றார். உளியைக் கீழே வைத்துவிட்டு, "மரம் கிடைக்காட்டி என்ன செய்யிறதுன்னு எனக்கும் தெரியல. அத ஒங்கிட்ட எப்புடிச் சொல்றது" என்றார்.

சீவல் குவியல் மேலேயே உட்கார்ந்தேன். மரம் கிடைக்கவில்லை என்றால் இவர் போய்விடுவார் என்றுதான் நான் பயந்துகொண்டிருந்தேன். இவரோ போக வழியில்லாமல், இருக்கவும் வழியில்லாமல், நாலு மாசமாகப் பூரிக்கட்டையை உருட்டிக்கொண்டு நின்றிருக்கிறார். கொட்டகை திறக்காமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அன்றைக்குத்தான் நினைத்துப் பார்த்தேன். அழுதேன், திட்டினேன், திரும்ப அழுதேன். அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து என் தலையில் ஒட்டியிருந்த சீவலை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தார்.

அவர் கத்தாரிலிருந்து கொண்டுவந்த பெரிய பெட்டி இரண்டு வருஷமாகக் கட்டிலுக்கடியில்தான் கிடந்தது. பரணில் ஏற்றச் சொல்லி அவரும் கேட்டதில்லை, ஏற்ற எனக்கும் தைரியம் வந்ததில்லை. மறுபடி இறக்க வேண்டியிருக்குமோ என்று கூட்டும்போதெல்லாம் அதைச் சுற்றியே கூட்டிவிட்டுப் போவேன். அன்று சாயங்காலம் அதை இழுத்து வெளியே போட்டேன். தூசி தட்டினேன். மகளைக் கூப்பிட்டு ஒரு பக்கம் பிடிக்கச் சொல்லி நானே ஏணியில் ஏறிப் பரணில் தள்ளி, சுவரோடு ஒட்ட வைத்தேன். அவர் கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டார்.